சிராப்பள்ளிக் குன்றிற்கு ஒரு யாத்திரை

இக்கரை மாட்டுக்கு அக்கரைப் பச்சை என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஊர் காணும் வேட்கைக்கும் இஃது ஒக்கும். ஆயிரம் கல் தொலைவிலுள்ள பாழ்நகர் ஒன்றைக் காணப் பொருளும் பொழுதும் செலவிட்டுச் செல்வோர், தம் வாயிலுக்கு எதிரே நிற்கும் தொன்மையை ஏறெடுத்தும் பாரார். திருச்சிராப்பள்ளியிற் கல்வி பயிலும் நம்மில் எத்துணைப் பேர் மலைக்கோட்டையைக் கண்டிருக்கின்றோம்? கடைத்தெருவுக்குப் போகுங்காலும் பேருந்துக்குக் காத்து நிற்குங்காலும் அது கண்ணிற் படுகின்றது. தேர்வுக் காலத்தில் உச்சிப் பிள்ளையாருக்கு வேண்டுதல் செய்துகொள்வாரும் நம்மிடையே உளர். ஆயின், கண்ணிற் படுதல் வேறு, காண்டல் வேறு. இவ்வேறுபாட்டை யாங்கள் உணர்ந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

யாங்கள் நால்வர். ஒருவர் திருநெல்வேலிச் சீமையினர், ஒருவர் இராமநாதபுரத்தார், ஒருவர் சேலத்தார், மற்றொருவர் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் மாலை நூல்நிலையத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தென்னமெரிக்காவிலே, பெரு நாட்டின் மலைமுகட்டில், இங்கா மரபினர் கட்டிய மச்சு பிச்சு என்னும் பழநகரின் படம் அதில் இருந்தது. முகில்கள் கீழே தவழ, கருங்கற் சுவர்கள் கூரையின்றி நிற்கும் அக்காட்சி எம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு உலகின் பல திசைகளினின்றும் இளைஞர் அங்குச் செல்கின்றனர் என்று படித்தவுடன், நமக்கு அப்பேறு வாய்க்குமோ என ஏங்கினோம். அவ்வழியே வந்த எம் தமிழ்ப் பேராசிரியர் எம் பேச்சைக் கேட்டுப் புன்முறுவல் பூத்து, “தம்பிகளா, அந்நகர் கட்டப்பட்டது பதினைந்தாம் நூற்றாண்டில். நம் மலைக்கோட்டையிலே மகேந்திரவர்மன் குடைந்த கோயில் அதற்கு எண்ணூறு ஆண்டு மூத்தது. பெருவுக்குப் போவதாகவே எண்ணிக்கொண்டு, மூட்டை கட்டி, விடியலிற் புறப்பட்டு, ஒரு நாள் முழுவதும் இக்குன்றைப் பாருங்கள், பிறகு வந்து சொல்லுங்கள்” என்று கூறிச் சென்றார்.

அவர் விளையாட்டாய்ச் சொன்னாரோ, வினையாய்ச் சொன்னாரோ, அறியோம். யாங்கள் அதனை வினையாகவே கொண்டோம். தைத் திங்களில் ஒரு விடுமுறை நாளைக் குறித்தோம். தண்ணீர்ப் புட்டிகள், கைவிளக்கு, குறிப்பேடு, ஸ்ரீரங்கத்து நண்பரின் அன்னையார் கட்டித் தந்த புளியோதரை ஆகியவை முதுகுப் பைகளில் நிரம்பின. இவற்றினும் சிறந்ததாகப் பிறிதொன்றும் கொண்டோம். ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியில் இக்குன்றின் பல்லவர் சாசனங்கள் உள்ளன. அவற்றின் பொருளைப் பேராசிரியர் துணையால் தமிழில் எழுதி உடன் கொண்டோம்.

முதல் நாளிரவு ஸ்ரீரங்கத்து நண்பர் இல்லத்திலே தங்கி, வைகறையில் அம்மா மண்டபத்துறையில் நீராடிப் புறப்பட்டோம். 1987-ஆம் ஆண்டிலே பதின்மூன்று நிலைகளோடு நிறைவெய்திய இராஜகோபுரம் எம் பின்னே ஓங்கி நின்றது. ஏழு திருச்சுற்றுக்களை உடைய அக்கோயிலின் நடுவே அரங்கநாதர் தென்றிசை நோக்கிப் பள்ளி கொண்டிருக்கின்றார். இப் ‘பள்ளி’ என்னும் சொல்லை வாசகர் மறவாதிருப்பாராக. அதனைப் பின்னரும் காண்போம்.

காவிரிப் பாலத்தின்மேல் நடக்கையில் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தென்கரையில், வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே, மலைக்கோட்டை தனியே எழுந்து நின்றது. சுற்றிலும் சமநிலமாயிருக்க, ஏறத்தாழ 270 அடி உயரமுள்ள ஒரே பாறை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்து போனது போலத் தோன்றியது. ஸ்ரீரங்கத்து நண்பர் தம் பாட்டியார் சொல்லிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இலங்கைக்கு அரங்கன் திருமேனியைக் கொண்டு சென்ற விபீடணன், காவிரிக் கரையில் நியமம் முடிக்க வேண்டி, அங்கிருந்த சிறுவனிடம் அதனைத் தந்தானாம், சிறுவன் அதனைத் தரையில் வைத்துவிட்டு இக்குன்றின் உச்சிக்கு ஓடினானாம், துரத்திச் சென்று அவன் தலையில் விபீடணன் குட்டினானாம், அச்சிறுவனே பிள்ளையாராம். கதை எவ்வாறாயினும், ஆற்றிடைத் தீவின் கோயிலையும் அக்கரைக் குன்றையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கட்டிய மக்களின் அறிவு வியக்கத்தக்கது.

சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடந்து, பழைய கோட்டையின் மேலைவாயிலாகிய மெயின்கார்டு கேட்டின் வழியே நுழைந்து, தெப்பக்குளத்தின் கரையிலுள்ள பூக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் கடந்து மலையடிவாரம் எய்தினோம். மாணிக்க விநாயகர் சந்நிதியருகே பூ விற்றுக்கொண்டிருந்த முதியவள் எம் பைகளைப் பார்த்துவிட்டு, “எந்த ஊருப்பா நீங்க, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க?” என்று வினவினாள். “ஸ்ரீரங்கம், ஆத்தா” என்று நண்பர் விடையிறுக்க, அவள் நகைத்த நகைப்பு நெடுநேரம் எம்மைத் தொடர்ந்தது.

பாறையின் வயிற்றிலே வெட்டிய படிகளில் ஏறினோம். உச்சிவரையில் நானூற்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. கூரையிட்ட பாதை ஆதலின் வெயிலின் கொடுமை இல்லை. ஆனால் மூச்சு வாங்காமல் இல்லை. இடைவழியில் தாயுமானசுவாமி கோயில் உள்ளது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாத கருவுற்ற பெண்ணொருத்திக்கு இறைவனே தாயாக வந்து மகப்பேறு பார்த்தான் என்பது அப்பெயர்க்குரிய வரலாறு. விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் புரிந்து பின்னர்த் துறவு பூண்ட தாயுமானவ அடிகள் இப்பெயரையே தாங்கியவர் என்பதும், அவருடைய ஞானாசிரியராகிய மௌனகுரு வாழ்ந்த மடம் இக்குன்றைச் சார்ந்ததே என்பதும் தமிழ் மாணவர் அறிந்தனவே.

கூரையிட்ட பாதை முடிந்து, வானத்தின் ஒளி முகத்தில் அறையும் இடத்திலே, இடப்புறமாகத் திரும்பினால் பல்லவர் குகை. உச்சிப் பிள்ளையாரைக் காணச் செல்லும் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் கூட அப்பக்கம் திரும்பக் கண்டிலோம். உள்ளே சென்றோம். நான்கு தூண்கள், நெடிய மண்டபம், கீழ்ப்பக்கத்தில் ஒரு கருவறை, அஃது இன்று வெறுமையாயுள்ளது. அதற்கு எதிரே, மேலைச் சுவர் முழுவதையும் நிறைத்துக்கொண்டு, கங்காதர மூர்த்தி நிற்கின்றார். பாய்ந்து வரும் கங்கையைத் தம் சடையின் ஒரு புரியிலே ஏற்கின்றார். ஆரவாரத்தோடு வந்தவள் அஞ்சிக் கைகூப்பும் சிறு பெண்ணாய்விடுகின்றாள். காலடியில் அடியவர் மண்டியிடுகின்றனர். மேலே விண்ணவர் பறக்கின்றனர். கல்லிலே இத்துணை மென்மையை வைத்த உளியின் உடையோன் பெயர் எங்கும் இல்லை. குடைவித்த மன்னன் பெயரோ தூண்தோறும் உள்ளது. லளிதாங்குரன், குணபரன், சத்துருமல்லன் என்னும் விருதுகள் பலவற்றை முதலாம் மகேந்திரவர்மன் பொறித்து வைத்தான். இக்குகைக்கே லளிதாங்குர பல்லவேச்சுர கிருகம் என்பது பெயர். காலம் ஏறத்தாழக் கி. பி. 600-க்கும் 630-க்கும் இடைப்பட்டது.

கங்காதரரின் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் சாசனம் இருக்கின்றது. எம் குறிப்பேட்டைத் திறந்து அதன் பொருளைப் படித்தோம். இறைவன் மன்னனை நோக்கி, நிலத்திலே கட்டிய கோயிலில் இருந்தால் சோழரின் வளநாட்டையும் காவிரியையும் யாம் எங்ஙனம் காண்பது என வினவினானாம். அதனால் மன்னன் முகில் தொடும் இம்மலைக் கோயிலை அமைத்துத் தந்தானாம். இன்னுமொரு செய்யுள் நகைச்சுவை மிக்கது. ஆறுகளிடத்து விருப்பமுடைய சிவபெருமான், சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு அவள்மீது காதல் கொள்வானோ என மலைமகள் ஐயுற்று, தந்தையின் இல்லத்தை விட்டு இக்குன்றிலேயே தங்கி, இவள் பல்லவனுக்கு உரியவள், பல்லவனுக்கு உரியவள் எனச் சொல்லிக் காவல் இருக்கின்றாளாம்! வெளியே வந்து நோக்கினோம். அதே காவிரி அதே வளைவில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவனும் இல்லை, சோழனும் இல்லை.

மகேந்திரவர்மன் முன்னர்ச் சமண சமயத்தைத் தழுவியிருந்து, பின்னர் அப்பரடிகளாற் சைவனானான் என்பது மரபு. மாறான ஒழுக்கினின்று மீண்டமையை இச்சாசனமும் குறிப்பதாக அறிஞர் கொள்வர். இச்செய்தி அந்நேரத்தில் எமக்கு வரலாற்றுத் துணுக்காகவே தோன்றியது. அதன் பொருள் சற்று நேரத்தில் வேறோரிடத்தில் விளங்கியது.

உச்சியை அடைந்து பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே பாறைமேல் அமர்ந்தோம். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்தின் கோபுரக் கூட்டம், திருவானைக்கா, கொள்ளிடத்தின் வெண்மணல், மேற்கே பழஞ்சோழர் தலைநகராகிய உறையூர், தென்கிழக்கே பொன்மலை. எமக்கருகே அயல்நாட்டு இளைஞர் ஒருவர், தம் உடலினும் பெரியதோர் மூட்டையை முதுகினின்று இறக்கி வைத்து, வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்திற் பேசத் தொடங்கினோம். பல நாடுகளின் பாழிடங்களைக் கண்டு வருபவர் அவர். மச்சு பிச்சுவையும் கண்டவர்! அவர் எம்மிடம் கேட்ட வினா இது: “இதனை மலைக்கோட்டை என்கின்றீர்களே, மலையும் கோயிலும் கண்டேன், கோட்டை எங்கே?”

ஸ்ரீரங்கத்து நண்பர் கீழே விரலைக் காட்டினார். கடைத்தெருக்களின் நெரிசலுக்குப் புறத்தே, நீண்ட சதுர வடிவில் ஓடும் சாலைகள் உச்சியினின்று நன்கு தெரியும். அவ்விடத்தே இரட்டை மதிலும் அகழியும் இருந்தன. மதுரை நாயக்கர் அவற்றை எழுப்பினர். சொக்கநாதர் தம் தலைநகரையே இங்கு மாற்றினார். 1751-ஆம் ஆண்டில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் இக்கோட்டையை முற்றுகையிட, உள்ளே முகம்மதலியும் ஆங்கிலேயரும் இருந்தனர். முற்றுகையைத் தளர்த்தும் பொருட்டே கிளைவ் ஆர்க்காட்டின்மேற் பாய்ந்தான். 1752-இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள்ளே ஒடுங்கிச் சரணடைந்தது. சந்தா சாகிபு தலை இழந்தான். தென்னாட்டை ஆள்வது யார் என்பது இக்குன்றின் நிழலில் முடிவாயிற்று. இத்துணைக் குருதி குடித்த மதில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகர் விரிந்தபோது இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அதன்மேற் சாலை போடப்பட்டது. அச்சாலைக்குப் ‘பொலிவார்டு’ எனப் பெயரிட்டனர். நம்மவர் வாயில் அது ‘மேலப்புலிவார் ரோடு’, ‘கீழப்புலிவார் ரோடு’ என்றாயிற்று. ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் முதற்கண் கொத்தளத்தையும், பின்னர்க் கொத்தளத்தை இடித்த இடத்திற் போட்ட சாலையையும் குறித்ததாம். இதனைச் சொன்னவுடன் அவ்விளைஞர் நகைத்து, “அப்படியாயின் காலையிற் கோட்டையின் மேலேதான் நடந்து வந்தேன்!” என்றார். பின்னர்ச் சற்று எண்ணி, “நான் கண்ட பாழிடங்களில் மாலையானால் வாயிலைப் பூட்டிவிடுவர், அதன் பிறகு அங்கு எவரும் இல்லை. இங்குக் குழந்தைக்குச் சோறூட்டுகின்றார்கள்” என்றார். புளியோதரையில் அவருக்கும் பங்கு தந்தோம்.

இனி, எம் யாத்திரையின் உள்ளீட்டுக்கு வருவோம். உச்சிக்குச் செல்லும் படியினின்று விலகிப் பாறையின் பின்புறமாகச் சென்றால், சரிவிலே இயற்கையான குகையொன்று உண்டு. தொல்லியல் துறையின் காவலில் உள்ளது, எந்நேரமும் திறந்திருப்பதன்று. முன்னரே இசைவு பெற்றிருந்தமையால் காவலர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். கால் வைக்கும் இடத்தையே நோக்கிச் செல்லவேண்டிய வழி. தாழ்ந்த கற்கூரை, அதன் கீழே வழுவழுப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள், தலைமாட்டிலே தலையணைபோல் மேடு. அவ்வளவே. கோபுரம் இல்லை, தூண் இல்லை, சிற்பம் இல்லை. பல்லவன் உளி எடுத்து வருமுன்னரே சமணத் துறவிகள் இங்கு வாழ்ந்தனர் என்பர். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, வெறுங்கல்லிற் படுத்து, கற்றும் கற்பித்தும் அவர்கள் காலங்கழித்தனர்.

காவலர் எம் கைவிளக்கை வாங்கி, “நேரே அடிச்சாத் தெரியாது தம்பி, பக்கவாட்டிலே புடிக்கணும்” என்று சொல்லி, ஒளியைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். அதுவரையில் ஒன்றுமில்லாதிருந்த கல்லிலே நிழல்கள் எழுந்து எழுத்துக்களாயின. துறவியர் பெயர்கள் அங்கு உள்ளன. அவற்றுள் ஒன்று ‘சிரா’ என்பது.

யாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். சிரா என்னும் துறவியின் பள்ளி சிராப்பள்ளி. அதுவே திருச்சிராப்பள்ளி என்பது அறிஞர் பலர் கொள்கை. மூன்று தலை அரக்கனாகிய திரிசிரன் வழிபட்ட ஊர் என்பது புராணம். வேறு பொருள் கூறுவாரும் உளர். ஆயினும், ஞானசம்பந்தர் தம் பதிகத்தில் இவ்வூரைச் சிராப்பள்ளி என்றே வழங்குகின்றார். அச்சொல்லின் இரண்டாம் பகுதி எதனைக் குறிக்கும் என்பதற்கு இக்கற்படுக்கைகளினும் சிறந்த சான்று வேண்டுமோ? சமயம் மாறிய மன்னன் இதே குன்றில் சிவனுக்குக் கோயில் குடைந்தான். ஆனால் துறவியின் படுக்கையைப் பெயர்த்தெறிந்தானல்லன். சைவர் பதிகம் பாடினர். ஆனால் ஊரின் பெயரிலிருந்து பள்ளியை நீக்கினாரல்லர். விருதுகள் பலவற்றைத் தூண்தோறும் வெட்டிய வேந்தன் பெயரால் இந்நகர் வழங்கவில்லை. வெறுங்கல்லில் உறங்கிய ஒருவன் பெயரே, பல இலட்சம் மக்கள் நாளும் தம் முகவரியில் எழுதும் பெயராயிற்று.

பள்ளி என்னும் சொல்லை நண்பர் ஒருவர் எண்ணத் தொடங்கினார். படுக்கைக்கும் பள்ளி என்று பெயர். துறவியர் உறைவிடமும் பள்ளி. அக்கரையில் அரங்கன் பள்ளி கொண்டிருக்கின்றான். நகரினுள்ளே, ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி அடக்கமாகியுள்ள நத்தர்வலி தர்கா இருக்கின்றது; மக்கள் அதனை நத்தர்ஷா பள்ளிவாசல் என்பர். 1762-ஆம் ஆண்டில் இவ்வூர்க்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் இக்குன்றின் அடியிலே 1766-இல் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பினார்; படைவீரர் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அவர் அமைத்ததும் பள்ளியே. அக்கோட்டை ஆலயத்தில் காலை வழிபாட்டை நடத்திய அன்றே, 1826 ஏப்பிரல் 3-ஆம் நாள், ஹீபர் அத்தியட்சர் இந்நகரில் உயிர் நீத்தார். அவர்கள் விதைத்த விதையினின்று முளைத்த கல்விச்சாலைகளிலேதான் நாம் பயில்கின்றோம். சமணரும் வைணவரும் முகம்மதியரும் கிறிஸ்தவரும் தத்தம் பொருளில் ஒரே சொல்லைக் கையாள இடங்கொடுத்த ஊர் இது.

இவ்வாறு மகிழ்ந்துகொண்டிருந்த வேளையிலேதான் விளக்கின் ஒளி சற்று அகன்றது. கண்ட காட்சியை எழுத நாணுகின்றோம். படுக்கையைச் சூழவும், கூரையிலும், கரியாலும் சுண்ணாம்பாலும் ஆணியாலும் எழுதப்பட்ட புதுப்பெயர்கள் காணப்பட்டன. காதலர் பெயர்கள், அவற்றிடையே அம்பு தைத்த நெஞ்சின் வடிவம், கட்சிச் சின்னம், தொலைபேசி எண். சேலத்து நண்பர் கண்ணுக்கு எட்டியவற்றை எண்ணினார், நாற்பத்திரண்டு இருந்தன. அவற்றுள் ஒன்று, கல்லூரி வகுப்பொன்றின் பெயரும் ஆண்டும் ஆணியாற் கீறப்பட்டது. எந்தக் கல்லூரி என்பதை ஈண்டுக் கூறோம். வேலி இடுவதற்கு முன் எழுதப்பட்டவையே மிகுதி என்று காவலர் கூறினார்.

இராமநாதபுரத்து நண்பர் மனம் பொறாது, கைக்குட்டையை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனார். காவலர் அவர் கையைப் பற்றி, “வேண்டாம் தம்பி. துடைச்சா மேலே எழுதினதோட அடியிலே இருக்கிறதும் போயிடும். அதுக்குன்னு படிச்சவங்க வந்து, மருந்து போட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். ஆணியாலே கீறினதை அவங்களாலேயும் எடுக்க முடியாது” என்றார். அவர் சொற்கள் எம் உள்ளத்தே ஆணிபோற் பதிந்தன. தீங்கு செய்தற்கு ஒரு நொடி போதும்; அதனை நீக்குதற்கு நன்மனம் ஒன்றே போதாது.

பழைய சின்னங்களைக் கெடுப்போர்க்கு இரண்டு ஆண்டு வரையிற் சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரையில் தண்டமும் விதிக்கலாம் என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ஆம் ஆண்டிற் செய்த திருத்தம். சட்டம் இருக்கட்டும். எழுதினவன் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதையே யாங்கள் இறங்குகையிற் பேசிக்கொண்டு வந்தோம். துறவியும் பெயர் எழுதினானே, மன்னனும் எழுதினானே, மேலைக் குகையிலே ‘சிராமலை அந்தாதி’ என நூறு செய்யுளுக்கு மேற்பட்ட ஒரு நூலையே நாராயணன் என்னும் புலவர் பெயரால் வெட்டி வைத்தனரே, இவ்விளைஞன் எழுதியது மட்டும் குற்றமாவது எங்ஙனம் என்று திருநெல்வேலி நண்பர் தடை எழுப்பினார். நியாயமான தடையே. விடையும் அக்குகையிலேயே உள்ளது. முன்னோர் எழுதியது தாம் செய்ததன்மேல். மன்னன் தான் குடைவித்த தூணிலும், புலவன் தான் யாத்த பாட்டுக்கும் பெயரிட்டனர். துறவியின் பெயரோ அவன் கிடந்த படுக்கையிலே நின்றது. பிறன் படுக்கையின்மேல், அவன் பெயரை அழித்து, ஒன்றும் செய்யாத தன் பெயரை எழுதியவர் அவருள் எவரும் இலர்.

இறங்கியபின், குன்றின் தென்மேற்கு அடியில் வீடுகளால் சூழப்பட்டுள்ள கீழைக் குகையையும் கண்டோம். எட்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவது. சிவனுக்கும் திருமாலுக்கும் ஒன்றையொன்று எதிர்நோக்கிய இரு கருவறைகள். சுவரிலே கணபதி, முருகன், பிரமன், கதிரவன், கொற்றவை. இதனைப்பற்றித் தனியே எழுதுதல் வேண்டும். ஈண்டு விரிப்பிற் பெருகும்.

இப்பொழுது எம் கருத்தைக் கூறி முடிப்போம். இந்நகரின் பெயரை இருவகையில் நாம் அழித்து வருகின்றோம். ஒன்று ஆணியால், மற்றொன்று நாவால். ‘திருச்சி’ என்று சுருக்கி வழங்குகின்றோம். பேச்சிற் சுருங்குதல் இயல்பே. ஆயின், எஞ்சியது யாது? திரு என்னும் அடைமொழியும் ஓர் ஒற்றும் ஒரு சிகரமும். சிராவின் பெயரிற் பாதியும் போயிற்று. பள்ளி முழுவதும் போயிற்று. பள்ளியில் வாழும் நாமே பள்ளியை விடலாமோ? மடல்களிலும் நூல்களிலுமேனும் முழுப்பெயரை எழுதும் வழக்கத்தை மேற்கொண்டால் அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நம் கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் மாணவரை முதற் பருவத்திலேயே, கற்றறிந்த ஆசிரியர் ஒருவர் துணையோடு, இசைவு பெற்று, இக்குன்றிற்கு அழைத்துச் செல்லுதல் நன்று. தொலைநாட்டு யாத்திரைக்குச் செய்யும் ஏற்பாட்டோடு செல்லவேண்டும், கையில் குறிப்பேடு இருக்கவேண்டும், ஆணி இருத்தலாகாது. மச்சு பிச்சுவை 1911-ஆம் ஆண்டில் ஹைராம் பிங்காம் உலகுக்கு அறிவித்தபோது, அவ்விடத்தே உழவர் சிலர் பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தனராம். அருகே வாழ்ந்தோர் அறிந்திருந்தும், அதன் சிறப்பைச் சொல்லப் பிறர் வரவேண்டியதாயிற்று. நம் குன்றிற்கு அந்நிலை வேண்டா. இங்குப் பயின்று பல ஊர்களில் வாழும் பழைய மாணவர்களும், தம் மக்களை அழைத்துக்கொண்டு இவ்வூர்க்கு வருங்கால், உச்சிப் பிள்ளையாரை வணங்கியபின் இடப்புறக் குகையிலும் ஒரு நாழிகை தங்குவாராக. எழுதவேண்டும் என்னும் வேட்கை எழுமாயின், நம் ஆண்டு மலரின் பக்கங்கள் காத்திருக்கின்றன. பாறையைப் பாறைக்கே விட்டுவிடுவோமாக.